மொட்டைத் தலைப் பறவைக்காக ஒரு மாலை... கானா மழைக்காட்டில் ஐந்து நாள்!

மாலை நான்கு மணி. காட்டுக்கு நடுவே வீட்டு உயரத்துக்கு ஒரு பாறை. அதன் மேல்பாகம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால், அடியில் மழைச்சாரல் படாத திண்ணை மாதிரி ஓர் இடம். பாறைச் சுவரில், யாரோ மண் சட்டிகளைப் பாதியாக உடைத்து ஒட்டிவைத்ததுபோல சில கூடுகள். எதிரே கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. செல்போன் சைலன்ட்டில் இருந்தால் போதாது, திரை வெளிச்சமும் தெரியக் கூடாது. இருமல் வந்தாலும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மணி நேரம் போகும். சில நாள் இரண்டு மணி நேரமும் போகும். இருட்டத் தொடங்கும் நேரத்தில், சத்தமே இல்லாமல் ஒரு கொடி ஆடும். அதில் காக்கையைவிடச் சற்று ஒல்லியான ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். வயிறும் கழுத்தும் வெள்ளை, முதுகு கறுப்பு, நீளமான கால்கள். தலையில் மட்டும் ஓர் இறகுகூட இல்லை! மஞ்சள் பூசிய மொட்டைத் தலை. கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் ஹெட்போன் மாட்டியதுபோல வட்டமாகக் கறுப்புத் திட்டு.

இதன் பெயர் வெண்கழுத்துப் பிக்காதார்ட்டஸ். பாறைக்கோழி என்றும் சொல்வார்கள். உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் ‘வாழ்நாளில் ஒரு முறையாவது’ என்று எழுதிவைத்திருக்கும் பட்டியல்களில் மேலே இருக்கும் பறவைகளில் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா ஆகிய ஐந்து நாடுகளின் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. இவற்றில் குறைந்த நாளில், அதிகம் அலையாமல், ஒரு வழிகாட்டியுடன் போய்ப் பார்த்துவர வசதியான நாடு கானா.

கானா என்றதும் வடசென்னைப் பாட்டு ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. இங்கே பேசப்போவது கோகோவும் தங்கமும் விளையும் கானா.

டேவிட் அட்டன்பரோவை இழுத்துப்போன பறவை

இயற்கை ஆவணப்படம் என்றாலே நினைவுக்கு வரும் டேவிட் அட்டன்பரோவுக்கும் இந்தப் பறவைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1954-ல் அவருக்கு 28 வயது. பி.பி.சி-யில் புதிதாகச் சேர்ந்த தயாரிப்பாளர். லண்டன் மிருகக்காட்சி சாலையின் ஜாக் லெஸ்டருடன் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி திட்டமிட்டார். காட்டுக்குப் போய் ஓர் அரிய உயிரினத்தைத் தேடுவதுதான் கதை. தொடருக்கு ஒரு ‘சஸ்பென்ஸ்’ வேண்டுமே! லெஸ்டர் சொன்ன பெயர், பிக்காதார்ட்டஸ். சியரா லியோனுக்குப் போய்த் தேடிப் படமெடுத்து வந்தார்கள். ‘ஜூ குவெஸ்ட்’ என்ற அந்தத் தொடர் அதே ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பானது.

லெஸ்டர்தான் நிகழ்ச்சியை வழங்குவதாக இருந்தது. முதல் வாரத்தோடு அவர் நோயில் விழ, வேறு வழியில்லாமல் கேமரா முன் வந்து நின்றவர் அட்டன்பரோ. பறவை கிடைத்ததா இல்லையா என்று லண்டன் தெருவில் ஓட்டுநர் ஒருவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து அவரிடம் கேட்கும் அளவுக்கு ஊரே அந்த வாயில் நுழையாத பெயரைப் பேசியது.

பெயருக்கு அர்த்தம் என்னவென்றால், லத்தீனில் ‘பிக்கா’ மேக்பை பறவை, ‘கதார்ட்டஸ்’ கழுகு வகை. இரண்டையும் குழைத்து வைத்த பெயர். வைத்தவர்களுக்கே குழப்பம். 1825-ல் முதலில் விவரிக்கப்பட்டபோது காக்கை இனத்தில் சேர்த்தார்கள். பிறகு மைனா பக்கம் போனது, தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கும் போய் வந்தது. கடைசியில், ‘இது யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை’ என்று தனிக் குடும்பமே கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இருப்பது இரண்டே பறவைகள். இன்னொன்று கேமரூன், காபோன் பக்கம் வாழும் சாம்பல் கழுத்துப் பிக்காதார்ட்டஸ்.

கானாவில் இந்தப் பறவை 1960-களுக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. போய்விட்டது என்றே பலரும் முடிவுகட்டினார்கள். 2003-ல் ஆய்வாளர்கள் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கூடுகள் உள்ள பாறைகள் சில தெரியவந்தன. அவற்றில் பார்வையாளர்கள் போய்ப் பார்க்கத் தோதான இடம், நாட்டின் நடுப்பகுதியில் உள்ள போன்க்ரோ என்ற சின்ன கிராமத்தின் காடு. ஐந்து நாள் பயணம் முழுவதையும் அந்த ஒரு மாலையை மையமாக வைத்துத்தான் போட வேண்டும்.

முதலில் ஊசி, அப்புறம்தான் டிக்கெட்

இந்தியாவிலிருந்து கிளம்புபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். விமான டிக்கெட் போட்டு, விசா வாங்கி, பைனாகுலர் வாங்கி, கடைசி வாரத்தில் ‘ஏதோ ஊசி போடணுமாமே’ என்று விசாரிக்கிறார்கள். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசு மூலம் பரவும் வைரஸ் காய்ச்சல். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே, முந்தின வாரம் போட்டால் பிரயோஜனம் இல்லை.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், துறைமுக சுகாதார அமைப்பிலும் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. முன்பதிவு, நாள், பாஸ்போர்ட் நகல் என்று சில நடைமுறைகள் உண்டு. ஒன்றரை மாதம் முன்னாலேயே ஆரம்பிப்பது நல்லது. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலை முதல் அப்படித்தான் விதி. 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிய பிறகே போட வேண்டும். பேரனுடன் தாத்தாவும் கிளம்பும் குடும்பங்களில், தாத்தா வருகிறாரா இல்லையா என்பதை இந்த ஊசிதான் தீர்மானிக்கும்.

அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். கானாவில் இறங்கும்போது மட்டுமல்ல, திரும்பி வரும்போதும் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்குபவரிடம் செல்லத்தக்க சான்றிதழ் இல்லையென்றால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இங்கே சட்டம் உண்டு. ஐந்து நாள் சுற்றுலாவுக்கு ஆறு நாள் தனிமை!

அடுத்தது மலேரியா. இதற்கு மாத்திரைதான். பழைய குளோரோகுயின் அங்கே வேலைக்கு ஆகாது. அடோவாக்குவோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின் போன்றவற்றில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்வார். ஊர் திரும்பிய பிறகும் மாத்திரையைத் தொடர வேண்டும். முதல் மருந்து என்றால் ஒரு வாரம், இரண்டாவது என்றால் நான்கு வாரம். ‘அதான் வந்தாச்சே’ என்று நிறுத்திவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விசாவுக்குப் புது டெல்லியில் உள்ள கானா தூதரகம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா போன்ற ஊர்களில் மாறி, தலைநகர் அக்ராவுக்குப் போகலாம். அங்கே நேரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். இது பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு வரம். உடம்புக்கு நம்மூர்க் கணக்கில் ஏழு மணி ஆகும்போதும் அங்கே கடிகாரம் அதிகாலை ஒன்றரை மணிதான் காட்டும். முதல் நாள் அலாரமே தேவைப்படாது.

வழிகாட்டியிடம் என்ன கேட்பது?

மழைக்காட்டில் வழிகாட்டி இல்லாமல் பறவை பார்க்க நினைப்பது, வரிகளே தெரியாத பாஷையில் வானொலி கேட்பது மாதிரி. சத்தம் நிறைய வரும், புரியாது. அங்கே கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகம். ‘கிரீன்புல்’ என்று ஒரு கூட்டம் உண்டு. நம்மூர் கொண்டைக்குருவிக்குச் சொந்தம். மங்கலான பச்சையும் பழுப்புமாகப் பல வகை, எல்லாம் ஒரே அச்சு. பழகிய வழிகாட்டி குரலை வைத்துத்தான் பிரிப்பார். புதிதாகப் போகிறவர்கள் இவற்றுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது உத்தமம்.

கானாவில் பறவைப் பயணத்துக்கென்றே நிறுவனங்களும், தனி வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆங்கிலம்தான் ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குச் சிரமம் இல்லை. முன்பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். ககூம் தேசியப் பூங்காவின் தொங்குபாலத்தில் பொதுமக்கள் வரும் முன் ஏறுவதற்கு அனுமதி வாங்கித் தருவாரா? ஒரு குழுவில் எத்தனை பேர்? பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டு அழைக்கும் பழக்கம் எவ்வளவு? மிக முக்கியமாக, போன்க்ரோவுக்கு எத்தனை மாலைகள் ஒதுக்கியிருக்கிறார்?

கடைசிக் கேள்விக்கு ‘ஒன்று போதும், கண்டிப்பா வரும்’ என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அது காட்டுப் பறவை. பெரும்பாலான மாலைகளில் வரும் என்பதே உண்மை. பெருமழை பிடித்துக்கொண்டாலோ, முன்னால் போன குழு சத்தம் போட்டுக் கலைத்துவிட்டிருந்தாலோ வராமலும் இருக்கும். மறுநாள் இன்னொரு மாலைக்கு இடம்விட்டுத் திட்டம் போடுபவரே அனுபவஸ்தர்.

செலவு எப்படி அமையும் என்றால், வண்டி, ஓட்டுநர், வழிகாட்டி மூன்றும் ஒருவர் போனாலும் நான்கு பேர் போனாலும் ஏறக்குறைய அதே தொகைதான். நபருக்கு நபர் கூடுவது அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் மட்டுமே. தனியாகப் போனால் பை கிழியும். நான்கு பேர் சேர்ந்தால் தாங்கும். நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நிற்கும்போது, ஐந்தாவது ஆளுக்குப் பறவையின் வால்கூடத் தெரியாது.

மாதம்? நவம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, பாதைகள் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சஹாராவிலிருந்து ‘ஹர்மட்டான்’ காற்று தூசியை அள்ளி வரும். வானம் பால் கலந்ததுபோல மங்கிவிடும், புகைப்படக்காரர்களுக்கு எரிச்சல். மே, ஜூன் மாதங்களில் கொட்டித் தீர்க்கும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

மரங்களின் தலைக்கு மேலே ஒரு காலை

அக்ராவிலிருந்து மேற்கே கடற்கரையோரமாக கேப் கோஸ்ட் நகரம் சுமார் 150 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் சொச்சம் போனால் ககூம். 1931-ல் காப்புக்காடு, 1992-ல் தேசியப் பூங்கா. 350 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த இந்தக் காட்டின் பெருமையே, 1995-ல் அமைக்கப்பட்ட தொங்குபாலம்தான். உயர்ந்த மரங்களுக்கு இடையே கயிறும் கம்பியும் கட்டி, ஏழு பாலங்கள், மொத்தம் 350 மீட்டர் நீளம். தரையிலிருந்து அதிகபட்சம் 40 மீட்டர் உயரம். அடியெடுத்து வைக்கக் குறுகலான பலகை, இருபுறமும் வலை. ஒருவர் நடந்தால் அடுத்தவர் ஆடுவார்.

உயரம் என்றால் பயப்படுபவர்கள் தயங்கலாம். பாலங்கள் சேரும் இடங்களில் மரத்தைச் சுற்றி மேடை உண்டு. முதல் பாலத்தை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து, ஒரு மேடையில் நாற்காலி போட்டதுபோல நின்றுகொண்டால் போதும். அசையவே வேண்டாம். தரையில் நின்று 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் பறவையைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கழுத்து போய்விடும். தெரிவதும் பறவையின் வயிறு மட்டும்தான். இங்கே அது கண் எதிரே இருக்கும், சில சமயம் கண்ணுக்குக் கீழேயும்.

அதிகாலை ஆறு மணி. காடு முழுக்கப் பனிமூட்டம். முதலில் வருவது பெரும்பாலும் சத்தம்தான். ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல ‘வ்வ்ஷ்... வ்வ்ஷ்...’. வால்பாறை, ஆனைமலைப் பக்கம் இருவாச்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிறகோசை உடனே பிடிபடும். ஆப்பிரிக்க இருவாச்சிகளுக்கும் அதே சிறகோசைதான். ககூமில் அவற்றில் பல வகை உண்டு. மைனாவைவிடச் சற்றே பெரிய குள்ள இருவாச்சியிலிருந்து, மஞ்சள் கொண்டை வைத்த பெரிய இருவாச்சி வரை. வெள்ளைத் தலைமுடி சிலுப்பிய நீளவால் இருவாச்சிக்கு ஒரு தந்திரம் தெரியும். குரங்குக் கூட்டத்தின் பின்னாலேயே போகும். குரங்குகள் கிளையைக் குலுக்க, கலைந்து பறக்கும் பூச்சிகளை இது பிடித்துக்கொள்ளும். ஆகவே, குரங்குச் சத்தம் கேட்டால் குரங்கை மட்டும் பார்க்காதீர்கள்.

பிறகு ஒரு நாற்பது நிமிடம் ஒன்றுமே நடக்காது. புதியவர்கள் சலித்துப்போய் செல்ஃபி எடுக்க ஆரம்பிப்பது அந்த நேரத்தில்தான். திடீரென்று ஒரு மரம் உயிர் பெறும். தேன்சிட்டு, மரங்கொத்தி, கரிச்சான், பூச்சிபிடிப்பான் என்று பதினைந்து இருபது வகை ஒன்றாகக் கலந்து வரும். கலப்புக் கூட்டம் என்பார்கள். பல கண்கள் சேர்ந்தால் பருந்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம் என்பது கணக்கு. ஐந்து நிமிடத்தில் கடந்துபோய்விடும். அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுபவர் எதையும் பார்க்க மாட்டார். ஒரு பறவையைப் பிடித்து, அதை முழுசாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதே புத்திசாலித்தனம்.

காய்ந்த உச்சிக்கிளையில் நீலத்தொண்டைப் பனங்காடை உட்கார்ந்திருக்கும். யோகம் இருந்தால், வானத்தில் ரோஸ் நிற வயிறோடு பஞ்சுருட்டான் கூட்டம் வட்டமிடும். பச்சை டுராக்கோ ஒன்று மரக்கிளையில் அணில் மாதிரி ஓடி, சட்டென்று பறக்கும்போது இறக்கையில் ரத்தச் சிவப்பு தெரியும். பல பறவைகளின் நிறம் ஒளி செய்யும் மாயம். டுராக்கோவின் சிவப்போ செம்பு கலந்த அசல் சாயம்!

ஒரு பறவை மட்டும் அநேகமாக வராது. சாம்பல் கிளி. கூண்டில் பேசும் கிளியாக உலகம் முழுக்க விற்கப்பட்டு, காடும் வெட்டப்பட்டு, 1990-களின் தொடக்கத்திலிருந்து கானாவில் இதன் எண்ணிக்கை 90 முதல் 99 சதவிகிதம் வரை வீழ்ந்துவிட்டதாக 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதே ஆண்டு, காட்டுக் கிளிகளை நாடு விட்டு நாடு விற்பதற்குச் சர்வதேசத் தடை முடிவானது. காலம் கடந்த முடிவு என்றே சொல்ல வேண்டும்.

காலை வெயில் ஏறியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பாலத்தில் ஏறிக் கத்துவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் நாட்டுப் பாலம். நீங்கள் இறங்கி, பூங்காவையொட்டிய அப்ராஃபோ, ஆன்டிக்வா பகுதிகளின் காட்டோரப் பாதைகளுக்குப் போய்விடலாம். அங்கே ‘பிராட்பில்’ என்றொரு சின்னப் பறவை, கிளையிலிருந்து எழும்பிச் சின்ன வட்டமடித்து அதே கிளைக்கு வரும். அப்போது ‘ப்ர்ர்ர்’ என்று விளையாட்டுக் கார் சாவி கொடுத்ததுபோல ஒரு சத்தம். குரல் அல்ல; இறக்கையே எழுப்பும் ஓசை. பிள்ளைகளோடு போனால் இதை அவசியம் காட்டுங்கள்.

தரையில் நடக்கும்போது பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அழகாக இருக்காது. ஆனால், ‘டிரைவர்’ எறும்புச் சாரையில் தெரியாமல் கால் வைத்தவர்கள் அழகைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்த எறும்புப் படை தரையைத் துடைத்துக்கொண்டு போகும்போது தப்பி ஓடும் பூச்சிகளைத் தின்னவே சில பறவைகள் பின்தொடரும். நம் மொட்டைத் தலையரும் அந்தப் பந்தியில் உண்டு.

பைனாகுலர் 8x42 என்று எழுதியதாக இருக்கட்டும். மழைக்காட்டின் அடிப்பகுதி பட்டப்பகலிலும் மங்கல். 42 மில்லிமீட்டர் கண்ணாடி வெளிச்சத்தை நன்றாக வாங்கும். பத்து மடங்கு பெருக்கம் வேண்டும் என்று 10x வாங்கினால், ஆடும் பாலத்தில் பறவையைவிடக் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். கையேடு வேண்டுமென்றால் நிக் போரோ, ரான் டெமி எழுதிய ‘பேர்ட்ஸ் ஆஃப் கானா’.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜொலோஃப் சாதம் நம் தக்காளி சாதத்துக்குத் தூரத்துச் சொந்தம். சைவர்களுக்குக் கைகொடுப்பது ‘ரெட் ரெட்’. செம்பனை எண்ணெயில் செய்த காராமணிக் குழம்பும் வறுத்த வாழைப்பழமும். மீன் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளவும். எதையும் இடது கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பதில் அவர்களும் நம் பாட்டிகளைப் போலவே கண்டிப்பு.

ஐந்து நாளில் ஒரு மத்தியானமாவது கேப் கோஸ்ட் கோட்டைக்கும் ஒதுக்குங்கள். கப்பலேற்றும் முன் அடிமைகளை அடைத்துவைத்திருந்த நிலவறைகள் அங்கே இருக்கின்றன. பக்கத்து ஊரான எல்மினாவில் உள்ள கோட்டை, 1482-ல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. பறவை பார்க்கத்தானே வந்தோம் என்று தாண்டிப்போகிறவர்கள் உண்டு. அந்த நிலவறைக்குள் பத்து நிமிடம் நின்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

அந்த மாலை

ககூமிலிருந்து போன்க்ரோவுக்குச் சாலைப் பயணம் அரை நாளை விழுங்கும். வழியில் ட்விஃபோ பிராசோ என்ற ஊரில் பிரா ஆற்றுப் பாலம் வரும். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஆற்றின் நடுப்பாறைகளில் பிராட்டின்கோல் என்ற அழகான சின்னப் பறவைகள் உட்கார்ந்திருக்கும். பறவைகள் அழகு; ஆறு அப்படியல்ல. தேநீர் நிறத்தில் கலங்கி ஓடும். ‘கலாம்சே’ என்று அங்கே சொல்லப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் ஆற்றங்கரைகளையும் காப்புக்காடுகளையும் தோண்டிக் கிளறியதன் நிறம் அது. ஒரு பக்கம் கோகோவுக்காக, ஒரு பக்கம் மரத்துக்காக, இன்னொரு பக்கம் தங்கத்துக்காகக் காடு சுருங்கிக்கொண்டே வருகிறது.

பிக்காதார்ட்டஸுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். காடு இருந்தால் மட்டும் அதற்குப் போதாது; கூடு கட்டச் சாய்ந்த பாறையும் வேண்டும். தகைவிலான்போல ஈரமண்ணைக் கொத்திக்கொண்டு வந்து, நாரும் வேரும் குழைத்துச் சுவரில் ஒட்டுகிறது. மேலே பாறை துருத்தியிருந்தால்தான் மழையில் கரையாது. அப்படிப்பட்ட பாறையை எல்லாக் காட்டிலும் தேட முடியாது. கிடைத்த பாறையை வருடக்கணக்கில் விடாது, பழைய கூட்டையே பூசிப் புதுப்பிக்கும். ஆகவே, ஒரு பாறையைச் சுற்றி மரங்களை வெட்டிவிட்டால், ‘பக்கத்துக் காட்டுக்குப் போய்க்கொள்ளட்டும்’ என்று சொல்லிவிட முடியாது.

போன்க்ரோவில் இறங்கியதும் முதலில் கிராமத்துக்காரர்களுக்கு வணக்கம். ‘அக்வாபா’ என்பார்கள், நல்வரவு என்று பொருள். ‘மெதாசே’ என்றால் நன்றி. இந்த இரண்டு சொல் தெரிந்தாலே முகங்கள் மலரும். கட்டணத்தைக் கட்டி, உள்ளூர் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் நுழைய முடியும். பறவை பார்க்க வருபவர்கள் தரும் பணத்தில் கிராமத்துக்கும் பங்கு உண்டு. இது வெறும் தர்மம் அல்ல. வெட்டினால் ஒருமுறை காசு, விட்டுவைத்தால் வருடா வருடம் காசு என்ற கணக்கு ஊருக்குப் புரியும்படி நடந்தால்தான் அந்தப் பாறையைச் சுற்றி மரங்கள் நிற்கும். விலை பேசிக் குறைக்க இது இடம் அல்ல.

நடை ஒரு மணி நேரம் அளவுக்கு வரும். கோகோ தோட்டங்களைக் கடந்து காடு. முக்கால்வாசி சமதரை, கடைசிப் பகுதி செங்குத்தாகப் பாறைகளில் ஏறும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் எடுத்துப்போகட்டும், முன்கூட்டியே மெதுவாகக் கிளம்பட்டும். வியர்க்க விறுவிறுக்கக் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கினால், அந்தச் சத்தமே போதும் கலைப்பதற்கு. நாலு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும்.

அங்கே விதிகள் சுருக்கமானவை. குகைக்குள் போகக் கூடாது. ஃபிளாஷ் கூடாது. குரல் ஒலிப்பதிவு கூடாது. ககூமில் ஒருமுறை போட்டதை மன்னிக்கலாம், இங்கே கூட்டின் வாசலில் மன்னிக்க முடியாது. நல்ல படம் கிடைக்கவில்லையே என்று நகர்ந்து உட்காரவும் கூடாது. வெளிச்சம் குறைவு, ஷட்டர் சத்தம் அதிகம். கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தவர்களே நிறைய பார்த்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம்.

வந்துவிட்டால், அது பறப்பதைவிடத் தாவுவதுதான் அதிகம். நீளக் கால்களால் பாறைக்குப் பாறை, கொடிக்குக் கொடி, ரப்பர் பந்து மாதிரி. நின்று தலையைச் சாய்த்து, உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராக எடைபோடும். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே உருவம். சில நாள் ஒன்று, சில நாள் நாலைந்து. சில நாள் பத்து நிமிடம் நிற்கும்; சில நாள் நிழல் மட்டும் கடந்துபோகும். ஆறு மணிக்கு மேல் சட்டென்று இருட்டிவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் அந்தி என்பதே அங்கே கொஞ்ச நேரம்தான். திரும்பி இறங்க ஆளுக்கொரு டார்ச் கட்டாயம்.

அன்று வராமல் போனால்? அதற்குத்தான் அந்த இன்னொரு மாலை. ஐந்தாம் நாள் காலையில் காட்டோரப் பாதைகளில் நடந்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, மறுபடியும் மூன்று மணிக்கு ஏற வேண்டும். முதல் நாளே பார்த்துவிட்டவர்கள் அன்று காலையே குமாசி நகரத்துக்குக் கிளம்பிவிடலாம். அங்கிருந்து அக்ரா சாலையில் சுமார் 250 கிலோமீட்டர், உள்நாட்டு விமானமும் உண்டு. எப்படியிருந்தாலும், ஊர் திரும்பும் விமானத்தை ஐந்தாம் நாள் இரவுக்குப் போடாதீர்கள். ஆறாம் நாள் சாயங்காலத்துக்கு மேல் போடுங்கள்.